கோடைக்கு லேசான பழக் காக்டெயில்: ஐந்தில் எது உங்கள் வீட்டுக்கு?

வெயில் ஏற ஏற இந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது. "விஸ்கி, பிராந்தி எல்லாம் இந்தச் சூட்டுக்குச் சரிப்படாது. பழம் போட்டு, குளிர்ச்சியாக, தலை கனக்காத மாதிரி வீட்டிலேயே என்ன செய்யலாம்? சாங்ரியாவா, பெல்லினியா, பலோமாவா?" கேட்பவர்கள் பெரும்பாலும் படங்களைப் பார்த்துத்தான் குழம்பியிருக்கிறார்கள். படத்தில் எல்லாமே ஒரே மாதிரி: உயரமான கண்ணாடி, வியர்த்த ஓரம், மேலே நாலு புதினா இலை. குடித்த பிறகுதான் வித்தியாசம் தெரியும். ஒன்று இரண்டு கோப்பை உள்ளே போனபின்பும் பேச்சைத் தெளிவாக வைத்திருக்கும். இன்னொன்று முதல் கோப்பையிலேயே ஒரு லார்ஜை (60 மி.லி. மதுவை) முழுசாக உள்ளே இறக்கிவிடும், நாக்குக்குத் தெரியாமலே.

அந்த மூன்றோடு ஃப்ரோசன் டைக்கிரி, ராட்லர் (பீரும் எலுமிச்சைச் சோடாவும்) இரண்டையும் சேர்த்து ஐந்தைப் பார்ப்போம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எத்தனை பேர் குடிக்கப் போகிறார்கள், திறந்த பாட்டிலில் மிஞ்சுவதை என்ன செய்வீர்கள் என்று பாருங்கள். எந்தப் பழத்தையும் எந்தக் கோப்பைக்குள்ளும் எப்படியாவது கொண்டுவந்துவிடலாம். பாதி மிஞ்சிய ஸ்பார்க்கிளிங் (குமிழி விடும்) ஒயினை ஒன்றும் செய்ய முடியாது.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல் ஆல்கஹால். லேசா இல்லையா என்பதை நாக்கு முடிவு செய்ய விடக்கூடாது. இனிப்பும் புளிப்பும் குளிரும் சேர்ந்துவிட்டால் 60 மி.லி. ரம் இருப்பதே தெரியாது. ஆனால் கணக்குப் போடுவது சுலபம். ஊற்றிய மதுவின் மி.லி. அளவை லேபிளில் உள்ள சதவீதத்தால் பெருக்கி நூறால் வகுத்தால் தூய ஆல்கஹால் எத்தனை மி.லி. என்று வந்துவிடும். ஆல்கஹால் தண்ணீரைவிட எடை குறைவு, அதனால் அதை 0.79ஆல் பெருக்கினால் கிராம் கணக்கு. 13% ஒயின் 100 மி.லி. என்றால் 13 மி.லி. ஆல்கஹால், அதாவது சுமார் 10 கிராம். ஆஸ்திரேலியா உட்படப் பல நாடுகள் இந்த 10 கிராமைத்தான் ஒரு 'டிரிங்க்' என்று வைத்திருக்கின்றன. பிரிட்டனின் யூனிட் 8 கிராம். அமெரிக்காவின் அளவு 14.

நான் போட்டுக்கொள்ளும் கோடு இது: ஒரு கோப்பையில் 10 கிராம் வரை இருந்தால் லேசு. அதைத் தாண்டினால் மேலே எவ்வளவு பழம் மிதந்தாலும் லேசு கிடையாது.

இந்தியாவில் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கே ரம், பிராந்தி, வோட்கா பாட்டில்களில் பெரும்பாலும் 42.8% என்று இருக்கும். வெளிநாட்டுக் குறிப்புகள் 40% கணக்கில் எழுதப்பட்டவை. இந்த வித்தியாசம் சின்னதுதான். பெரிய வித்தியாசம் பீரில் இருக்கிறது, அதை ராட்லர் வரும்போது சொல்கிறேன்.

இரண்டாவது, மிச்சம். யாரும் விலைப்பட்டியலில் எழுதாத செலவு இதுதான். டக்கீலா, ரம் போன்றவை மூடி வைத்தால் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். சாதாரண ஒயின் ஃப்ரிட்ஜில் மூன்று நாள், மிஞ்சிப்போனால் ஐந்து நாள். ஸ்பார்க்கிளிங் ஒயின் அதற்கென்று உள்ள அழுத்த மூடி போட்டால் ஒன்றிரண்டு நாள், இல்லாவிட்டால் அன்றே தீர்க்க வேண்டும். பாட்டில் கழுத்தில் ஒரு ஸ்பூனைத் தொங்கவிட்டால் குமிழி போகாது என்று ஒரு நம்பிக்கை உலகம் முழுக்க இருக்கிறது. அதனால் ஒரு பயனும் இல்லை.

மூன்றாவது, வேலை எப்போது வருகிறது என்பது. எவ்வளவு வேலை என்பதைவிட இது முக்கியம். விருந்தாளிகள் வருவதற்கு முன்பே முடிகிற வேலை ஒரு பொருட்டே இல்லை. அவர்கள் வந்த பிறகு ஒவ்வொரு கோப்பைக்கும் அடுக்களைக்கு ஓட வைக்கிற பானம், எவ்வளவு எளிதானாலும், வீட்டுக்காரரைக் கூட்டத்திலிருந்து பிரித்துவிடும்.

நான்காவது, சர்க்கரை. கடையில் விற்கும் இனிப்புச் சோடாவில் 100 மி.லி.க்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை, அதாவது இரண்டரை டீஸ்பூன். "அப்படியானால் டயட் சோடா ஊற்றிவிடலாமே" என்று தோன்றும். ஊற்றலாம்தான். ஆனால் சர்க்கரை இல்லாத சோடாவோடு சேர்ந்த மது வயிற்றிலிருந்து சீக்கிரம் இறங்கிவிடுவதால் ரத்தத்தில் ஆல்கஹால் அளவு கூடுதலாக ஏறும். கலோரி குறையும், போதை குறையாது.

ஐந்தையும் ஒரே பார்வையில்:

| பானம் | ஒரு கோப்பையில் ஆல்கஹால் | வேலை எப்போது | திறந்த பாட்டில் | யாருக்கு |
|---|---|---|---|---|
| சாங்ரியா | சுமார் 10 கிராம், பிராந்தி சேர்த்தால் 12 | முன்கூட்டியே, 4 மணி நேரம் ஊற வேண்டும் | முழு பாட்டிலும் ஜக்குக்குள் போய்விடும் | 6 முதல் 10 பேர் |
| பெல்லினி | சுமார் 9 கிராம் | பழக்கூழ் முன்னால், ஊற்றுவது அப்போதே | ஒன்றிரண்டு நாள் | சரியாக ஒரு பாட்டில் தீர்க்கும் கூட்டம் |
| பலோமா | 16 கிராம், அளவைக் குறைத்தால் 10 | கோப்பை கோப்பையாக | மாதக்கணக்கில் | ஒருவர் முதல் நால்வர் |
| ஃப்ரோசன் டைக்கிரி | 19 கிராம், அளவைக் குறைத்தால் 10 | ஒவ்வொரு சுற்றுக்கும் மிக்ஸி | மாதக்கணக்கில் | இரண்டு மூன்று பேர் |
| ராட்லர் | சுமார் 6 கிராம் | வேலையே இல்லை | மிஞ்சினால் கொட்ட வேண்டியதுதான் | எத்தனை பேர் என்றாலும் |

## சாங்ரியா

ஸ்பெயினும் போர்ச்சுகலும் உரிமை கொண்டாடும் பானம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014ஆம் ஆண்டு விதிப்படி, அந்த இரண்டு நாடுகளில் செய்யப்பட்டதை மட்டுமே வெறும் 'சாங்ரியா' என்ற பெயரில் அங்கே விற்க முடியும். ஆல்கஹாலும் 12%க்குக் கீழேதான் இருக்க வேண்டும். அமெரிக்காவில் இதைப் பரவலாக்கியது 1964ஆம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சியில் இருந்த ஸ்பெயின் அரங்கு. வீட்டில் செய்வதற்கு எந்த விதியும் இல்லை, அதனால்தான் இவ்வளவு மோசமான சாங்ரியாக்கள் உலவுகின்றன.

என் அளவு: ஒரு பாட்டில் (750 மி.லி.) சிவப்பு ஒயின், கால் லிட்டர் புதிதாகப் பிழிந்த ஆரஞ்சுச் சாறு, இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை, ஒரு ஆரஞ்சு, ஒரு ஆப்பிள், கிடைத்தால் ஒரு பீச், அரை எலுமிச்சை. எல்லாவற்றையும் வெட்டிப் போட்டு ஃப்ரிட்ஜில் நாலு மணி நேரம். பரிமாறும்போது அரை லிட்டர் வெறும் சோடா. ஒன்றரை லிட்டர் வரும், எட்டுக் கோப்பை. 13% ஒயினில் மொத்தம் 77 கிராம் ஆல்கஹால், ஆகக் கோப்பைக்குப் பத்துக்குச் சற்றுக் குறைவு.

பல குறிப்புகளில் இதோடு 60 மி.லி. பிராந்தி சேர்க்கச் சொல்வார்கள். சேர்த்தால் கோப்பை 12 கிராமுக்குப் போய்விடும். சுவையில் அதற்கேற்ற லாபம் எனக்குத் தெரியவில்லை. கோடைக்கு என்றால் பிராந்தியை விட்டுவிடலாம்.

எந்த ஒயின் என்பதில் விலையைவிட வகையைப் பார்க்க வேண்டும். ஓக் பீப்பாயில் வைத்த, வாய் வறளச் செய்யும் துவர்ப்புள்ள ஒயின் வேண்டாம். குளிரவைத்தால் அந்தத் துவர்ப்பு இன்னும் முரட்டுத்தனமாகத் தெரியும். சர்க்கரை போட்டாலும் அடங்காது. கர்னாச்சா, இளம் டெம்ப்ரனியோ (இரண்டும் ஸ்பெயின் திராட்சை வகைகள்) போல இளசான, பழச்சுவை உள்ள ஒயின் போதும். நல்ல ஒயினை இதில் ஊற்றுவது வீண். கெட்டுப்போன ஒயினைப் பழம் காப்பாற்றும் என்பதும் நடக்காது.

இதன் மறைந்த செலவுகள் இரண்டு. ஒன்று நேரம், அதையும் அளவாகச் செலவழிக்க வேண்டும். "ராத்திரி முழுக்க ஊறினால் இன்னும் நன்றாக இருக்கும்" என்று நினைத்து விட்டுவைத்தால் ஆரஞ்சின் வெள்ளைத் தோலிலிருந்து கசப்பு இறங்கிவிடும், ஆப்பிள் பஞ்சாகிவிடும். முந்தைய நாளே கலக்கித்தான் ஆக வேண்டுமென்றால் தோலை உரித்துவிட்டுச் சுளையை மட்டும் போடுங்கள்.

இரண்டாவது செலவு பழத்திலேயே இருக்கிறது. ஊறிய துண்டுகள் ஒயினைக் குடித்திருக்கும். பார்வைக்கு ஃப்ரூட் சாலட். வீட்டில் குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்தால் ஜக்கைக் கைக்கெட்டாத இடத்தில் வைப்பது மட்டும் போதாது, குடித்து முடித்த கண்ணாடிகளின் அடியில் கிடக்கும் துண்டுகளையும் உடனே எடுத்துவிட வேண்டும். "நான் ஒரு கோப்பைதான் குடித்தேன், பழம்தான் நிறையச் சாப்பிட்டேன்" என்பவர்களின் கணக்கும் இதனால்தான் தப்புகிறது.

இரண்டு பேர்தான் இருக்கிறீர்கள், ஆனாலும் ஒயினும் பழமும் வேண்டும் என்றால் சாங்ரியாவை விட்டுவிட்டு ஸ்பெயின்காரர்களே கோடையில் அதிகம் கேட்டு வாங்கும் டின்டோ டி வெரானோவுக்குப் போங்கள். ஐஸ் நிறைந்த டம்ளரில் சிவப்பு ஒயின் 100 மி.லி., எலுமிச்சைச் சோடா 100 மி.லி., ஒரு வட்டம் எலுமிச்சை. அவ்வளவுதான். ஆல்கஹால் அதே 10 கிராம். ஊறவைக்கும் வேலை கிடையாது, மிஞ்சிய ஒயினை மறுநாளும் இதே மாதிரி குடிக்கலாம்.

## பெல்லினி

இது வெனிஸ் நகரத்துச் சரக்கு. ஜுசெப்பே சிப்ரியானி 1931இல் தொடங்கிய ஹாரிஸ் பாரில் பிறந்தது. 1948 என்று பொதுவாகச் சொல்வார்கள். வெனிஸின் பழைய ஓவியர் ஜொவான்னி பெல்லினியின் படங்களில் வரும் இளஞ்சிவப்பு நிறத்தை நினைத்து இந்தப் பெயர். வெள்ளை பீச் பழக்கூழும் ப்ரொசெக்கோ என்ற ஸ்பார்க்கிளிங் ஒயினும் மட்டும்தான் பொருள்கள். பீச் பருவத்தில் மட்டும் செய்துவந்தார்கள். அந்தக் கட்டுப்பாட்டை இன்றைக்கும் கடைப்பிடிப்பது நல்லது, ஏனென்றால் இந்தப் பானத்தில் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. பழம் சுமாராக இருந்தால் பானமும் சுமார்தான்.

சர்வதேச பார்டெண்டர் சங்கத்தின் அளவு: 100 மி.லி. ப்ரொசெக்கோ, 50 மி.லி. கூழ். ப்ரொசெக்கோ 11% என்று வைத்தால் கோப்பைக்கு 9 கிராமுக்குக் கீழே. அளவைக் குறைக்காமல், மூலக் குறிப்பின்படியே செய்து என் கோட்டுக்குள் வரும் காக்டெயில் இந்த ஐந்தில் இதுவும் ராட்லரும்தான்.

கணக்கும் அழகாக வரும். ஒரு பாட்டிலில் ஏழு கோப்பை. ஏழு கோப்பைக்கு 350 மி.லி. கூழ், நடுத்தர அளவில் நாலு பீச் போதும். கொட்டையை எடுத்துவிட்டு, தோலோடு அரைத்து வடிகட்டினால் நிறம் தானாக வரும். அரைத்தவுடன் சில சொட்டு எலுமிச்சைச் சாறு விடாவிட்டால் ஆப்பிள் துண்டு கறுப்பதுபோல் கூழும் பழுப்பாகிவிடும். கூழ், ஒயின், கண்ணாடி மூன்றும் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும், ஏனென்றால் இதில் ஐஸ் போடுவதில்லை.

ஊற்றுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கூழ் முதலில், ஒயின் மேலே, மிக மெதுவாக, இரண்டு மூன்று தவணையாக. அவசரப்பட்டால் நுரை பொங்கி மேசை நனையும், குமிழியும் போய்விடும். ஒரே ஒரு சுற்று, நீளக் கரண்டியால், அடியிலிருந்து. மிக்ஸியிலோ ஷேக்கரிலோ ஸ்பார்க்கிளிங் ஒயினைப் போடவே கூடாது. பாட்டில் திறக்கும்போதும் கார்க்கைப் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருப்புங்கள். உள்ளே நல்ல அழுத்தம் இருக்கிறது, கார்க் கண்ணில் பட்டால் விருந்து ஆஸ்பத்திரியில்தான் முடியும்.

லேபிளில் ஒரு பொறி. 'எக்ஸ்ட்ரா ட்ரை' என்று போட்டிருப்பது 'ப்ரூட்' என்பதைவிட இனிப்பு கூடியது. ப்ரூட்டில் லிட்டருக்கு 12 கிராமுக்கு உள்ளேதான் சர்க்கரை, எக்ஸ்ட்ரா ட்ரையில் 12 முதல் 17 வரை. பழம் நன்றாகப் பழுத்திருந்தால் ப்ரூட் வாங்குங்கள்.

ஊட்டி, கொடைக்கானல் பக்கத்து பீச் கிடைக்கும் நேரத்தில் அதை வைத்துச் செய்யலாம். சமவெளியில் கோடை என்றால் மாம்பழம்தான் கைக்கு முதலில் வரும். அதைப் போட்டால் என்ன? போடலாம், ஆனால் பீச் அளவுக்கு 50 மி.லி. போட்டால் சரிவராது. மாம்பழத்தில் 100 கிராமுக்குக் கிட்டத்தட்ட 14 கிராம் சர்க்கரை, பீச்சில் எட்டரைதான். கூழும் கெட்டியாக அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். நார் இல்லாத பழமாகப் பார்த்து, 30 மி.லி. கூழில் எலுமிச்சைச் சாறும் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீரும் விட்டுத் தளர்த்திக்கொள்ளுங்கள். ஸ்ட்ராபெரி போட்டால் அதற்கு ரொஸ்ஸினி என்று தனிப் பெயரே இருக்கிறது. மாதுளைச் சாறு விட்டால் டின்டொரெட்டோ.

செலவு? ஒரு கோப்பையின் விலை என்று பார்த்தால் இந்தியாவில் ஐந்திலும் இதுதான் அதிகம். இறக்குமதி ப்ரொசெக்கோவின் வரி அப்படி. நாசிக் பக்கம் தயாராகும் ஸ்பார்க்கிளிங் ஒயின் பழக்கூழோடு சேரும்போது நன்றாகவே ஈடுகொடுக்கும். ஐரோப்பாவிலோ கனடாவிலோ இருப்பவர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. கூடவே பீச்சும் அங்கே மலிவு. ஒன்டாரியோவில் இருப்பவர்கள் ஜூலைக் கடைசியிலிருந்து வரும் நயாகரா பீச்சுக்குக் காத்திருக்கலாம்.

இன்னொரு எச்சரிக்கை: குமிழி உள்ள மது பலருக்குச் சீக்கிரம் ஏறும். வெறும் வயிற்றில் முதல் கோப்பை என்றால் கூடவே கொறிக்க ஏதாவது வைத்துவிடுங்கள்.

இரண்டு பேருக்கு பெல்லினி செய்ய வேண்டாம். மீதி ஐந்து கோப்பை உங்களை வற்புறுத்தும்.

## பலோமா

மெக்சிகோவில் டக்கீலாவோடு அன்றாடம் குடிப்பது இதுதான். வெளியூர்க்காரர்கள் மார்கரீட்டாவைத் தேடிக்கொண்டிருப்பார்கள். 50 மி.லி. டக்கீலா, 100 மி.லி. கிரேப்ஃப்ரூட் (பம்பளிமாஸ் போன்ற, கசப்பு கலந்த பழம்) சோடா, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு, ஐஸ். பத்து நொடி வேலை. அந்த உப்பை விட்டுவிடாதீர்கள். உப்பு கசப்பைத் தணிக்கும், மாங்காய்க்கு உப்பு தொடுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த அளவில் கோப்பைக்குக் கிட்டத்தட்ட 16 கிராம். லேசு என்ற கணக்கில் வராது. ஆனால் ஸ்பிரிட் (டக்கீலா, ரம் போன்ற வடித்த மது) வைத்துச் செய்யும் பானங்களின் பெரிய வசதியே அளவைக் குறைக்க முடிவதுதான். 30 மி.லி. டக்கீலா ஊற்றி, கிரேப்ஃப்ரூட் சோடாவுக்குப் பதிலாகப் புதிய கிரேப்ஃப்ரூட் சாறு 60 மி.லி., வெறும் சோடா 90 மி.லி. விட்டால் ஆல்கஹால் பத்துக்குள் வந்துவிடும், சர்க்கரையும் கிட்டத்தட்டப் பாதியாகும், பழச்சுவை கூடும். மூலக் குறிப்பைவிட இந்த வடிவம்தான் எனக்குப் பிடிக்கும். டக்கீலா வாங்கும்போது '100% அகாவே' (டக்கீலா வடிக்கும் கற்றாழை போன்ற செடி) என்று லேபிளில் இருக்கிறதா பாருங்கள். அப்படிப் போடாத பாட்டிலில் 51% அகாவே இருந்தாலே விதிக்குப் போதும், மிச்சம் வேறு சர்க்கரையிலிருந்து வந்திருக்கலாம். இப்படி அளவைக் குறைத்துக் குடிக்கும்போது அந்த வித்தியாசம் தெரியும்.

இதன் மறைந்த செலவு மருந்துச் சீட்டில் இருக்கிறது. கிரேப்ஃப்ரூட் குடலில் உள்ள ஒரு நொதியை முடக்கிவிடும். அந்த நொதிதான் பல மாத்திரைகளில் ஒரு பகுதியை ரத்தத்துக்குப் போகும் முன்பே சிதைத்துக் குறைப்பது. அது முடங்கினால் அதே மாத்திரை அளவுக்கு மீறி வேலை செய்யும். கொழுப்புக்குத் தரும் சிம்வாஸ்டாடின், அட்டோர்வாஸ்டாடின், ரத்த அழுத்தத்துக்குத் தரும் ஃபெலோடிபின், நிஃபெடிபின் எல்லாம் இந்தப் பட்டியலில் வருபவை. இதைக் கண்டுபிடித்த விதமே ஒரு காக்டெயில் கதை. கனடாவில் டேவிட் பெய்லி என்ற ஆராய்ச்சியாளரின் குழு ஃபெலோடிபினோடு ஆல்கஹால் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சோதித்தது. ஆல்கஹாலின் ருசி தெரியாமலிருக்க அதைக் கிரேப்ஃப்ரூட் சாற்றில் கலந்து கொடுத்தார்கள். மருந்தின் அளவு ரத்தத்தில் எதிர்பாராமல் எகிறியதற்குக் காரணம் அந்தச் சாறுதான் என்று பிறகு தெரியவந்தது. 1989இல் அது வெளியானது.

காலையில் மாத்திரை, மாலையில் பலோமா என்று பிரித்துக்கொள்வதும் உதவாது, விளைவு ஒரு நாளுக்கு மேல்கூட நீடிக்கும். நம் பம்பளிமாஸும் கிரேப்ஃப்ரூட்டின் தாய்வழிப் பழம்தான், அதற்கும் இதே குணம் உண்டு. ஐம்பதைத் தாண்டிய உறவினர்கள் வருகிற வீட்டில், யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று எல்லாரையும் கேட்டுக்கொண்டிருப்பதைவிட ஆரஞ்சும் எலுமிச்சையும் பிழிந்து வைத்துவிடுவது மேல். தர்பூசணிச் சாறும் டக்கீலாவோடு நன்றாகப் போகும், உப்புச் சிட்டிகையோடு. மாத்திரை சாப்பிடுபவர்கள் குடிக்கலாமா என்பதே வேறு கேள்வி, அதை அவர்களின் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

தனியாகவோ, இரண்டு பேராகவோ, வாரக் கடைசியில் ஒரே ஒரு கோப்பை குடிப்பவர்களுக்கு இந்த ஐந்தில் பலோமாவுக்குத்தான் என் ஓட்டு. பாட்டில் அலமாரியில் மாதக்கணக்கில் காத்திருக்கும். பத்துப் பேர் வந்தால் மட்டும் வேண்டாம். ஒவ்வொருவரும் "எனக்கு இன்னும் கொஞ்சம் ஸ்ட்ராங்காக" என்று கேட்கத் தொடங்கினால் அளவு கையை மீறிவிடும்.

## ஃப்ரோசன் டைக்கிரி

கியூபாவின் சான்டியாகோ நகரத்துக்கு அருகே டைக்கிரி என்ற சுரங்க ஊர். அங்கே வேலை பார்த்த ஜென்னிங்ஸ் காக்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் பேரில் இதன் கதை சொல்லப்படுகிறது. பிற்பாடு ஹவானாவின் ஃப்ளோரிடிட்டா பாரில் ஐஸோடு அரைத்துக் கொடுக்கும் வடிவம் புகழ்பெற்றது. வெள்ளை ரம் 60 மி.லி., எலுமிச்சைச் சாறு 20 மி.லி., இரண்டு டீஸ்பூன் சர்க்கரை. இதில் 19 கிராம் ஆல்கஹால். மாம்பழம், ஸ்ட்ராபெரி சேர்த்து அரைத்தால் கோப்பை பெரிதாகும், ஆல்கஹால் குறையாது.

ஐந்திலும் ஏமாற்றுகிற பானம் இதுதான். குளிர் நாக்கை மரத்துப்போகச் செய்கிறது. ரம்மின் காரம் தெரியாது, இனிப்பும் குறைவாகத் தெரியும், அதனால் இன்னும் ஒரு கரண்டி சர்க்கரை போடுவார்கள். மில்க் ஷேக் வேகத்தில் உறிஞ்சி முடித்துவிட்டு இரண்டாவது கேட்பவரிடம் நீங்கள் ஏற்கனவே ஒரு லார்ஜ் முடித்துவிட்டீர்கள் என்று சொன்னால் நம்ப மாட்டார்.

லேசாக்க வழி இருக்கிறது. ஐஸைக் குறைத்து, பழத்தையே ஐஸாக்கிவிடுங்கள். மாம்பழத் துண்டு 150 கிராமை முந்தின இரவே ஃப்ரீசரில் வைத்து, 30 மி.லி. ரம், எலுமிச்சைச் சாறு, நாலைந்து ஐஸ்கட்டி சேர்த்து அரையுங்கள். சர்க்கரை வேண்டாம், பழத்திலேயே 20 கிராம் வந்துவிடும். ஐஸ் உருகி நீர்த்துப்போகும் பிரச்சினையும் இல்லை.

செலவு மிக்ஸியில்தான் வரும். சட்னி அரைக்கும் ஜாரில் முழு ஐஸ்கட்டியைப் போட்டால் பிளேடு மழுங்கும், பிளாஸ்டிக் ஜார் விரிசல் விடும். ஐஸைத் துணியில் சுற்றித் தட்டிப் போடுங்கள். ஒரு தடவைக்கு இரண்டு கோப்பைதான் வரும். மூன்றாவது விருந்தாளி வந்ததும் மிக்ஸிச் சத்தத்தில் பேச்சு நின்றுவிடும். பழம் கனிந்து கிடக்கிறது, வீட்டில் ரம் இருக்கிறது, இரண்டே பேர், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஐஸ்கிரீமுக்குப் பதிலாக ஏதாவது வேண்டும் என்ற நிலையில் மட்டும் இதைத் தேர்ந்தெடுப்பேன்.

## ராட்லர்

காக்டெயில் என்று சொல்லவே சிலர் முகம் சுளிப்பார்கள். பாதி பீர், பாதி எலுமிச்சைச் சோடா. 1922இல் மியூனிக் பக்கத்தில் ஒரு விடுதிக்காரர், சைக்கிளில் வந்து குவிந்த கூட்டத்துக்குப் பீர் போதாமல் லெமனேடைக் கலந்து சமாளித்தார் என்று ஜெர்மனியில் கதை சொல்வார்கள். அதற்குப் பத்தாண்டு முன்பே பவேரியாவில் இந்தப் பெயர் புழக்கத்தில் இருந்திருக்கிறது என்பதால் கதையைக் கதையாகவே வைத்துக்கொள்ளலாம்.

5% பீர் 150 மி.லி., சோடா 150 மி.லி. என்றால் 6 கிராம். ஐந்தில் மிக லேசானது, மலிவானது. இந்தியாவில் ஒரு விஷயம் கவனம்: 'ஸ்ட்ராங்' என்று விற்கும் பீர் 8% வரை போகும். அதைக் கலந்தால் 9 கிராமைத் தாண்டிவிடும், பெல்லினிக்கு மேலே. லேபிளில் சதவீதத்தைப் பார்க்காமல் ராட்லர் செய்வதில் அர்த்தமில்லை.

சர்க்கரைதான் இதன் குறை. 150 மி.லி. இனிப்புச் சோடாவில் 15 கிராம். வீட்டிலேயே எலுமிச்சை, கொஞ்சம் சர்க்கரை, வெறும் சோடா வைத்துச் செய்தால் அதைப் பாதியாக்கலாம். ஆரஞ்சுச் சாறும் இதற்குப் பொருந்தும்.

## வண்டி ஓட்டுபவர்களும் குடிக்காதவர்களும்

எந்தப் பானத்தைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த இரண்டு பேரை வைத்தும் யோசிக்க வேண்டியிருக்கிறது. இந்தியாவில் வண்டி ஓட்டுபவரின் ரத்தத்தில் 100 மி.லி.க்கு 30 மி.கி. ஆல்கஹால்தான் எல்லை. 10 கிராம் உள்ள ஒரே கோப்பை, 55 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணை அந்த எல்லைக்குக் கொண்டுபோய்விடலாம். பிரிட்டனின் பெரும்பகுதியில் எல்லை 80 என்பதால் அங்கே இருப்பவர்கள் இங்கே வரும்போது பழைய கணக்கிலேயே இருந்துவிடுகிறார்கள். லேசு என்று நான் போட்ட கோடு சாவியை எடுக்க அனுமதி கிடையாது.

குடிக்காதவர்கள் பக்கம் பார்த்தால் ஐந்தில் பெல்லினிதான் வசதி. பழக்கூழும் மதுவும் கடைசி நிமிடம் வரை தனித்தனியாகவே இருக்கின்றன. அதே கூழ் 50 மி.லி., வெறும் சோடா 100 மி.லி., இரண்டு சொட்டு எலுமிச்சை, அதே கண்ணாடி. பலோமாவும் ராட்லரும் அப்படித்தான், மதுவை விட்டுவிட்டால் மீதி தானே நிற்கும். சாங்ரியாவில் அது முடியாது. ஜக்கில் எல்லாம் ஒன்றாகிவிடுகிறது, அதனால் குடிக்காதவர்களுக்கென்று கறுப்புத் திராட்சைச் சாறும் ஆரஞ்சும் வைத்து இரண்டாவது ஜக் ஒன்றை வேறு நிற மூடியோடு தயாராக்க வேண்டும். நிறம் இரண்டுக்கும் ஒன்றேதான் என்பதால் ஜக்குகளை ஒரே மேசையில் வைக்காதீர்கள்.